பழைய புத்தகங்களின் புதிய அங்காடி

(பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் நூல்களை எழுதுவது பற்றிப் பேசுவார் பலர் உளர். நான் பேச வந்திருப்பதோ எழுதி, அச்சாகி, ஒருவர் கையில் இருந்து, பின் அவரை விட்டு நீங்கிய நூல்கள் மீண்டும் விலைக்கு வருவதைப் பற்றி. குறிப்பாக, இணையத்தின் வழியே நடைபெறும் பழைய புத்தக மறுவிற்பனையைப் பற்றி. இது வணிகர்க்குரிய பொருளன்றோ, தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று வினவலாம். தமிழ் நூல்களின் வாழ்வும் சாவும் இன்று பெரும்பாலும் இந்த அங்காடியில்தான் முடிவாகின்றன என்பதே என் விடை.

பழைய புத்தகத்தை விற்பது இழிவன்று. அதனைப் பற்றிய விவரத்தை மறைத்தோ தொலைத்தோ விற்பதே இழிவு. இவ்வொரு கருத்தை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

அன்றைய அங்காடி

சென்னையில் மூர் மார்க்கெட் என்று ஓர் அங்காடி இருந்தது. மாநகராட்சித் தலைவராக விளங்கிய ஜார்ஜ் மூர் பெயரால் 1900 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தச் செந்நிறக் கட்டடம் 1985 மே 30 அன்று தீக்கிரையாயிற்று. அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளை நினைவுகூராத தமிழ் எழுத்தாளர் அத்தலைமுறையில் அரியர். தீவிபத்திற்குப்பின் வணிகர் பலர் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்திற்குப் பெயர்ந்தனர்.

அக்கடைகள் வெறும் கடைகளல்ல. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள், பழைய புத்தகக் கடைகளிலும் வீடுகளிலும் தேடித் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும் அவர் 1992 இல் மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டன. கடல் கடந்து போய்விடாமல் சென்னையிலேயே 1994 இல் ஓர் ஆராய்ச்சி நூலகமாக அவை நிலைபெற்றன. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயாவும் தனி மனித முயற்சியில் தழைத்த நூலகமே. இன்று முனைவர் பட்டம் பெறுவோர் பலரின் அடிக்குறிப்புகளுக்குப் பின்னால் இத்தகைய திரட்டுகள் இருக்கின்றன. அத்திரட்டுகளுக்குப் பின்னாலோ, எடைக்கு வந்த கட்டிலிருந்து ஒரு நூலைத் தனியே எடுத்து வைத்த, பெயரறியாப் பழைய புத்தக வணிகர் இருக்கிறார். அவருக்குத் தமிழுலகம் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

இணைய அங்காடி

மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகிறது. பகலில் ஒன்று, இரவில் ஒன்று. இன்றைய இணைய அங்காடிக்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை. 1995 இல் அமெரிக்காவில் ஈபே தொடங்கியது. பழைய புத்தகக் கடைக்காரர்களின் பட்டியல்களை ஒருங்கே தேடித்தரும் ஏப்புக்ஸ் 1996 இல் இணையத்திற்கு வந்தது. இந்தியாவில் பாஸீ என்னும் தளத்தை 2004 இல் வாங்கி ஈபே இங்கும் கடை விரித்தது. 2018 இல் அக்கடையை மூடியது. ஆனால் வணிகம் மூடப்படவில்லை. முகநூற் குழுக்களுக்கும் வாட்ஸப் குழுக்களுக்கும் அது இடம் மாறியது.

அங்கு விற்பனை நடைபெறும் முறை எளியது. பழைய பேப்பர் கடையிலோ, ஒரு வீட்டைக் காலி செய்யும்போதோ நூற்கட்டு ஒன்று கிடைக்கிறது. விற்பவர் தம் கைப்பேசியால் அட்டையைப் படமெடுத்து, விலையைக் குறித்துக் குழுவில் இடுகிறார். முதலில் 'எனக்கு' என்று எழுதுபவர்க்கு நூல் உரியதாகிறது. பணம் கைப்பேசி வழியே செல்ல, நூல் அஞ்சலிலோ கூரியரிலோ வந்து சேர்கிறது. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன.

இம்முறையால் விளைந்த நன்மை பெரிது. தலைநகரை விட்டுத் தொலைவில் வாழும் ஓர் ஆய்வாளர் தம் ஊரை விட்டு நகராமலே அரிய நூலைப் பெறுகிறார். கடை வாடகை இல்லாத இளைஞர் சிலருக்கு இது பிழைப்பாகவும் ஆகியிருக்கிறது. ஆனால் ஒன்று குறைந்துவிட்டது. மூர் மார்க்கெட்டில் நாம் நூலைக் கையில் எடுத்துப் புரட்டினோம், தாளை முகர்ந்தோம், கடைசிப் பக்கம் உள்ளதா என்று பார்த்தோம். இணையத்தில் நம் கைக்கு மாற்றாக இருப்பது விற்பவர் எழுதும் விவரக்குறிப்பு ஒன்றே. அக்குறிப்பு அட்டைப்படமும் விலையும் மட்டுமாகச் சுருங்கிப்போயிருக்கிறது.

என் மாணவி ஒருவர் தம் ஆய்விற்காக ஒரு கவிதைத் தொகுப்பை இவ்வாறு வாங்கினார். வந்த படியில் நடுவே 16 பக்கங்கள் இல்லை. அச்சகத்தார் மொழியில் சொன்னால் ஒரு ஃபாரம் முழுதும் தைக்கப்படாமலே போயிருந்தது. விற்றவர் ஏமாற்ற எண்ணியவரல்லர். அவர் பக்கங்களை எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே. ஆனால் அக்கவிஞர் எழுதிய கவிதைகள் எத்தனை என்று ஆய்வேட்டில் எழுத வேண்டிய மாணவிக்கு, எண்ணாமை என்பது சிறு பிழையன்று.

பதிப்பாசிரியர் காட்டிய வழி

விவரம் எழுதும் கலையை நாம் வெளிநாட்டுத் தளங்களிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. அது நம் பதிப்பாசிரியர்கள் விட்டுச் சென்ற செல்வம். சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டுதலால் சிந்தாமணியில் ஈடுபட்ட உ.வே.சாமிநாதையர், 1887 இல் அதனைப் பதிப்பித்தார். 1892 இல் சிலப்பதிகாரத்தையும் 1894 இல் புறநானூற்றையும் வெளியிட்டார். ஏட்டுப்பிரதிகள் யார் யாரிடமிருந்து கிடைத்தன என்பதை நன்றியுடன் எழுதிவைத்தார். எவ்வேடு முழுமையானது, எது முதலும் இறுதியும் இல்லாதது, எது மூலம் மட்டும் உடையது, எது உரையுடன் கூடியது என்பவற்றையெல்லாம் அக்காலப் பதிப்பாசிரியர்கள் குறித்தனர். ஏடுகள் சிதைந்து உதிரும் அவலத்தைச் சி.வை.தாமோதரம் பிள்ளை தம் பதிப்புரைகளில் உருக்கத்துடன் பதிவு செய்தார்.

அவர்கள் செய்தது என்ன? ஒரு பொருளைப் பெற்ற இடம், அதன் நிலை, அதன் குறை ஆகிய மூன்றையும் மறைக்காமல் சொன்னார்கள். பழைய புத்தகம் விற்பவர் எழுத வேண்டியவையும் இம்மூன்றே. 'செல்லரித்தது', 'முதல் ஏடு இல்லை', 'ஓரம் உதிர்ந்தது', 'பிற்காலத்தில் கட்டடம் செய்யப்பட்டது' என்று சொல்லத் தமிழில் சொல் வளம் இருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுவது அவர்தம் செல்வத்திற்காக மட்டுமன்று. விலையை ஒளிக்காமல் சொல்லும் நடுவுநிலைக்காகவும்தான். வள்ளுவரும் வாணிகத்தைப் பற்றிய குறளை நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பிறர் பொருளைத் தம் பொருள்போல் எண்ணுதல் என்பது, பிறர் கையால் தொட இயலாத நூலைத் தாமே அவர்க்காகத் தொட்டுப் பார்த்துச் சொல்லுதலும் ஆகும்.

காலம் கணித்தல்

விலையை உயர்த்துவது நூலின் வயது. ஆகவே பிழைகள் மிகுதியும் நேர்வது வயதைக் கூறுவதில்தான். நம் வட்டத்தினர் வாங்கும்போது பயன்படும் என்பதால் சில சான்றுகளைச் சற்று விரித்துரைக்கிறேன்.

முதலாவது, தமிழ் ஆண்டுப் பெயர். பழைய முகப்பேடுகள் பலவற்றில் ஆண்டின் பெயர் மட்டுமே இருக்கும். அறுபதாண்டுச் சுழற்சியில் அப்பெயர் மீண்டும் மீண்டும் வரும். சர்வசித்து என்பது 1887 இலும் தொடங்கும், 1947 இலும் தொடங்கும். விற்பவர் முன்னதைக் கொண்டால் நூலுக்கு அறுபது வயது கூடிவிடுகிறது. விலையும் உடன் ஏறுகிறது. தென்மாவட்ட நூல்களில் கொல்லம் ஆண்டு காணப்பட்டால் அத்துடன் 824 அல்லது 825 கூட்ட வேண்டும். திருவள்ளுவர் ஆண்டாயின் 31 கழிக்க வேண்டும்.

இரண்டாவது, விலை. அணாவில் விலை குறித்த நூல் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முற்பட்டது. அவ்வாண்டில்தான் பத்தின்கூற்று நாணயம் நடைமுறைக்கு வந்தது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957 முதல் 1964 வரையிலான இடைக்காலம் என்று கருதலாம்.

மூன்றாவது, முகவரி. ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண் 1972 ஆகஸ்டு 15 இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வெண் அச்சிடப்பெற்ற நூலை 1960 ஆம் ஆண்டுப் பதிப்பு என்று ஒருவர் கூறினால் நாம் ஐயுற வேண்டும்.

நான்காவது, எழுத்து. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978 இல் ஏற்றது. யானைத் துதிக்கை போன்ற கொம்புடைய பழைய ணை, லை வடிவங்களைக் கொண்டு பொதுவாக நூலின் காலத்தை ஊகிக்கலாம். எனினும் பெரியாரின் குடிஅரசு 1935 முதலே சீர்திருந்திய எழுத்தைக் கையாண்டமையால், அவ்வியக்க வெளியீடுகளுக்கு இவ்வளவுகோல் பொருந்தாது.

ஐந்தாவது, 'முதற்பதிப்பு' என்னும் சொல். ஒரு நூலைப் புதிதாக எடுத்து வெளியிடும் ஒவ்வொரு பதிப்பகமும் தன் முதல் வெளியீட்டை முதற்பதிப்பு என்றே அச்சிடுவது நம்மிடையே வழக்கம். எனவே அச்சொல் ஒன்றையே நம்பி, அந்நூல் உலகிற்கு முதன்முதலில் வந்த பதிப்பு அதுவே என்று முடிவு செய்தலாகாது.

தாளின் பழுப்பும் வயதைக் காட்டுவதன்று. கந்தல் துணிக்கூழால் ஆகிய தாள் நெடுநாள் நிற்கும். மரக்கூழும் படிகாரமும் சேர்ந்த தாள் தன்னுள்ளேயே அமிலத்தைக் கொண்டிருப்பதால் விரைவில் பழுத்து நொறுங்கும். இரண்டாம் உலகப்போர்க்காலத் தாள் பஞ்சத்தில் அச்சான நூலொன்று, அதனினும் மூத்த நூலைவிட நலிந்திருப்பதை நூலகங்களில் காணலாம். முதுமை வேறு, நோய் வேறு.

பிரிக்கப்படும் நூல்கள்

இனி நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி. தொடர்கதைகளை வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்துச் சேர்த்துக் கட்டடம் செய்து வைப்பது தமிழ் இல்லங்களில் ஒரு வழக்கமாக இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியம் அவர்களின் ஓவியங்களுடன் வந்த பொன்னியின் செல்வன் இவ்வாறு எத்தனையோ வீடுகளில் பைண்டு செய்யப்பட்டது. இத்தகைய தொகுதிகளுக்கு இன்று இணையத்தில் பெரும் தேவை இருக்கிறது.

இத்தொகுதிகளைச் செய்தவர்களில் பெண்கள் மிகப் பலர். வாரந்தோறும் இதழ் வந்ததும் வீட்டார் அனைவரும் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, பக்கங்களைப் பிரித்து, வரிசை கெடாமல் அடுக்கி, நான்கு ஆண்டுகள் பொறுத்து, கட்டடத்திற்குக் கொடுத்தார்கள். முதல் தாளில் தம் பெயரையும் ஊரையும் எழுதினார்கள். அந்தப் பெண்கள் வேறெங்கும் எதையும் எழுதியவர்களல்லர். தமிழ் நாவலின் வாசகர் யார் என்று ஆராய்பவர்க்கு அந்த ஒற்றைக் கையெழுத்து ஒரு கல்வெட்டுக்கு நிகர். ஆனால் 'சுத்தமான படி' என்று காட்டுவதற்காக அந்த முதல் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஓவியங்கள் தனித்தனியே விலைபோகும் என்பதற்காகத் தொகுதியையே பிரித்து விற்பவர்களும் உண்டு. பிரிக்கப்பட்ட தொகுதி மீண்டும் ஒன்றாகாது.

நூலில் இருக்கும் பெயர், அன்பளிப்பு வாசகம், பேருந்துச் சீட்டு, ஓரக்குறிப்பு ஆகியன அழுக்கல்ல. அவை அந்நூலின் வரலாறு. அவற்றைக் குறையாகவன்றிச் சிறப்பாகக் கருதி வாங்குவோர் பெருகினால், விற்போரும் கிழிக்க மாட்டார்கள். ஆகவே இதில் வாங்குவோர் பொறுப்பும் சம அளவினது.

சட்டமும் ஓர் எல்லையை வகுத்துள்ளது. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை ஆகியவற்றுள் ஒன்றன் மதிப்புடைய சுவடிகளும் ஆவணங்களும் 75 ஆண்டுகளைக் கடந்துவிட்டால் தொல்பொருள் ஆகிவிடும். அவற்றை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் எவரும் வெளிநாட்டிற்கு அனுப்புதல் கூடாது. வீட்டுப் பரணில் கிடைத்த ஓலைச்சுவடியைப் படமெடுத்து விலை கேட்பவர் பலர்க்கு இச்செய்தி தெரிவதில்லை. அதுபோலவே, நூலக முத்திரை உள்ள நூலில் 'நீக்கப்பட்டது' என்னும் குறிப்பு உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும். அஃதின்றேல் அந்நூல் எவ்வாறு வெளியே வந்தது என வினவுவது நம் கடமை.

கவிஞர்களின் நூல்கள்

இறுதியாகக் கவிஞர்களாகிய உங்களுக்கு ஒரு சொல். தமிழ்க் கவிதைத் தொகுதிகளுள் மிகப் பல, கவிஞரே தம் கைப்பொருளைச் செலவிட்டு வெளியிட்டவை. ஒரு சில நூறு படிகள் மட்டுமே அச்சானவை. பாதி அன்பளிப்பாகப் போகும்; மீதி கட்டிலுக்கடியில் இருக்கும். கவிஞர் மறைந்தபின், அவற்றின் அருமை அறியாத வீட்டார் எடைக்குப் போடுவர். எடைக்குப் போன நூல் கூழாகிறது. விலைக்குப் போன நூல் இன்னொரு வாசகரிடம் சேர்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவர் பழைய புத்தக வணிகர் ஒருவரே.

தாம் 'அன்புடன்' என்று கையொப்பமிட்டு நண்பருக்குக் கொடுத்த தொகுதி இணையத்தில் விலைக்கு வந்திருப்பதைக் கண்டு மனம் வருந்திய கவிஞர்களை நான் அறிவேன். வருத்தம் இயல்பே. ஆனால் எண்ணிப் பாருங்கள். எவரோ ஒருவர் அந்நூலைக் குப்பையிலிருந்து பிரித்தெடுத்து, விற்கத் தகுந்தது என்று மதித்திருக்கிறார். இன்னொருவர் அதற்குப் பணம் கொடுக்க முன்வருகிறார். இலவசமாகக் கொடுத்தபோது கிடைக்காத வாசகர் விலைக்கு வந்தபோது கிடைத்திருக்கிறார். 1971 இல் கோவையிலிருந்து வெளிவந்த வானம்பாடி, விலையிலாக் கவிமடல் என்றே தன்னை அழைத்துக்கொண்டது. அன்று விலையின்றி வந்த அவ்விதழ்களை இன்று ஆய்வாளர் விலை கொடுக்கவும் ஆயத்தமாய்த் தேடுகின்றனர். விற்பனை அக்கவிதைகளை இழிவுபடுத்திவிட்டதாக எவரும் கூறார்.

'எல்லாம்தான் மின்னூலாகிவிட்டனவே, பழைய படி எதற்கு?' என்பாரும் உளர். 1998 இல் தோன்றிய மதுரைத் திட்டமும், ஈழத்து எழுத்துகளுக்கென 2005 இல் தொடங்கிய நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் செய்துள்ள பணி அளப்பரியது. ஆயினும் மின்னூலாக்குவதற்கும் ஒரு மூலப்படி வேண்டுமன்றோ? அப்படி எவர் வீட்டிலோ, எக்கடையிலோதான் இருக்கிறது. மறுவிற்பனை அங்காடியும் மின்னூலகமும் பகைகளல்ல; ஒன்றன் வாயிலில் மற்றொன்று காத்திருக்க வேண்டும்.

செய்யத்தக்கன

நம் வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வேளையில் நான்கு செயல்களைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று: வட்டத்தின் வெளியீடுகள் ஒவ்வொன்றிலும் ஆண்டு, படிகளின் எண்ணிக்கை, அச்சகம், மறுபதிப்பாயின் முந்தைய பதிப்பின் விவரம் ஆகியவற்றைத் தவறாது அச்சிடுவோம். நாளைய வணிகரும் ஆய்வாளரும் இருளில் தடுமாறாதிருக்க இதுவே வழி. 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு வெளியீட்டாளர் அனுப்ப வேண்டிய படிகளையும் தவறாது அனுப்புவோம்.

இரண்டு: உறுப்பினர் எவரேனும் மறைந்தால், இரங்கற்கூட்டத்தோடு நின்றுவிடாமல், அவர்தம் நூல்கள் எடைக்குப் போகுமுன் வீட்டாரைச் சந்தித்துப் பட்டியலிட உதவுவோம். விற்பது அவர்கள் உரிமை. என்ன விற்கிறோம் என்று அவர்கள் அறிய உதவுவது நம் கடமை.

மூன்று: நாமே பழைய நூலை விற்க நேர்ந்தால், பக்கங்களை எண்ணி, குறைகளைக் கூறி, முகப்பேட்டையும் பின்பக்கத்தையும் படமெடுத்து இடுவோம். நிழற்படியைக் கட்டடம் செய்து மூலம் என்று விற்பவரிடம் வாங்க மாட்டோம்.

நான்கு: பதிப்புரிமைக்காலம் முடிந்த அரிய நூல் நம் கைக்கு வந்தால், அடுத்தவர்க்கு விற்குமுன் மின்னூலகம் ஒன்றிற்குப் படியெடுக்கக் கொடுப்போம். நம் நாட்டில் ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு, அவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரையே பதிப்புரிமை உண்டு. படி எடுத்தபின்னும் மூலநூலின் அருமை குன்றாது. அழியும் அச்சம் மட்டுமே குன்றும்.

ஏடு தேடி ஊரூராய் அலைந்த தலைமுறைக்கு இணையம் இல்லை. ஆனால் கிடைத்த ஒவ்வோர் ஏட்டைப் பற்றியும் உண்மையை எழுதிவைக்கும் உள்ளம் இருந்தது. நமக்கு இணையம் இருக்கிறது. அவ்வுள்ளமும் வாய்க்குமானால், பழைய புத்தகங்களின் இப்புதிய அங்காடி தமிழின் இடுகாடாகாமல் பண்டாரமாக விளங்கும். விலை கூறுமுன் விவரம் கூறுவோம். விலை கேட்குமுன் விவரம் கேட்போம்.